வேலைக்கு மட்டும் வரும் வியாதி

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி நூலகத்தில்
நரம்பியல் புத்தகத்தைத் தூக்க இரண்டு கை வேண்டும்.
பச்சை அட்டை. கிழிந்த முதுகுக்கு
எலும்பு முறிவு வார்டிலிருந்து வாங்கி ஒட்டிய பிளாஸ்திரி.

இருபத்திரண்டாம் அத்தியாயத்தில்
எழுதும்போது மட்டும் கோணும் விரல்கள் உண்டு.
வயலின்காரர் உண்டு, பியானோக்காரர் உண்டு,
கோல்ஃப் மட்டையைப் பிடித்ததும் வெட்டி இழுக்கும் மணிக்கட்டு உண்டு.
தந்தி அடித்தவர்கள் ஒரு பத்தி நிறைய.
தந்தியே போய்விட்டது. அவர்கள் கை மட்டும்
பதிப்புக்குப் பதிப்பு கோணிக்கொண்டு வருகிறது.

பீடி இல்லை.

செய்யதலி பாத்திமா, நாற்பத்தொன்று, மேலப்பாளையம்.
சீட்டில் கை வலி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
"வலியெல்லாம் இல்ல டாக்டர்.
மாவு பிசையுதேன், மவளுக்குத் தலை பின்னுதேன்,
கையெழுத்துப் போடச் சொல்லுங்க, போடுதேன்.
இலையத் தொட்டாத்தான் இந்த வெரலு
தேள் கொடுக்கு மாதிரி மேல போவுது.
மாமி சொல்லுதாவ,
வேலைக்கு மட்டும் வருத வியாதியாம்."

மாமி சொன்னது சரி.
புத்தகமும் அதையேதான் சொல்கிறது,
மூன்று ஆய்வுகளைச் சான்று காட்டி,
கேலி இல்லாமல்.

அடுத்த செவ்வாய் சொளவோடு வரச் சொன்னேன்.
புகையிலைக்குத் தடை என்று
வாசலில் செக்யூரிட்டி தூளைப் பிடுங்கிக்கொண்டார்.
ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.
ஈர இலையில் அந்த உப்பை வைத்துச் சுற்றினாள்.
இரண்டாவது சுற்றில் ஆள்காட்டி விரல் எழுந்து நின்றது,
வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

அப்புறம் கதவைப் பார்த்தாள்.
முந்தியில் முடிந்திருந்த காசை எடுத்து
மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கினாள்.
விரல் இறங்கியது. பீடி உருண்டது.
"இத வெளிய சொல்லாதிய டாக்டர்.
காசு வச்சாத்தான் இவ கை ஓடும்னு
ஊரு சிரிச்சுப் போடும்."

புத்தகம் இதை அறியும்.
கன்னத்தைத் தொட்டால் கழுத்து நேராகிறவர்கள்,
பல் குச்சி கடித்தால் தாடை அடங்குகிறவர்கள்
எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.
தந்திரம் என்று பெயர்.
அவள் வைத்த பெயர் கள்ளத்தனம்.

சிகிச்சை: ஊசி. விஷம்தான்,
கெட்டுப்போன உணவில் பிறந்தது.
ஐஸ் பெட்டியில் வந்து சேர ஐந்து வாரம்.
பேனா பிடிக்கும் கைக்கு எத்தனை அலகு என்று அட்டவணை இருக்கிறது.
ஆயிரம் பீடிக்கு இல்லை.
கூடினால் விரல் தொங்கிவிடும். குறைத்தே போட்டேன்,
குறைத்தும் கூடித்தான் போயிற்று.

மூன்றாம் வாரம் வந்தாள்.
"முந்தி முந்நூறு, இப்பம் அறுநூறு.
ஆனா நூலு இறுக மாட்டேங்குது,
கடையில ரெண்டு கட்டு கழிச்சுட்டாவ.
அடுத்த ஊசில கொஞ்சம் விஷத்தக் குறைங்க."
பாவம் என்று ஒருவரும் சொல்லாத குரல்,
கணக்குக் கேட்கிற குரல்.

அன்று இரவு அத்தியாயத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
பீடி சுற்றுதல். வலது ஆள்காட்டி.
விரலிடுக்கில் காசு வைத்தால் அடங்குகிறது.
நான் போட்ட அளவு அதிகம், பாதி போதும்.
எழுதக் கூடாதுதான். முதல் பக்கத்தில்
சிவப்பு முத்திரையே அதைச் சொல்கிறது.

திருப்பிக் கொடுக்கிற அன்று
நூலகர் சொரிமுத்து வழக்கம்போல
எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
இருபத்திரண்டில் நின்றார்.
மேசை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்தார்.

படித்தார்.
ரப்பர் கையிலேயே இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே சவக்கிடங்குப் பக்கம்
யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தார்கள்.

"ஒத்த ரூவாயா டாக்டர்," என்றார் மெதுவாக,
"ரெண்டு ரூவாயா?"